குளிர்காலத்தில் நெடுந்தூரம் ஓடப்போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

என் முதல் குளிர்காலத்தில் நான் ஓடியதைவிட வாசலில் நின்று யோசித்ததுதான் அதிகம். கதவைத் திறப்பேன், காற்று முகத்தில் அறையும், மூடிவிடுவேன். இன்னொரு சட்டையை மேலே மாட்டிக்கொண்டு மறுபடி வருவேன். அந்த நான்கு மாதத்தில் தேவையே இல்லாத ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினேன். ஒரு பாலத்தின் மேல் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். வசந்தகால மாரத்தானுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியையும் கோட்டைவிட்டேன். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மூன்றையுமே தவிர்த்திருக்கலாம்.

வேலைக்கும் போய்க்கொண்டு வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓடுகிறவருக்காக இதை எழுதுகிறேன். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடத்தில் முதன்முறையாகக் குளிர்காலத்தை எதிர்கொள்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். மாதக் கணக்கெல்லாம் பூமியின் வட பாதிக்கானது. தென் பாதியில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. குளிர் வருவதற்கு முன்பே காலண்டரை எடுங்கள்

குளிர்காலத்தில் ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். பெரும்பாலோருக்கு அது வசந்தகாலப் பந்தயம். பாஸ்டன் மாரத்தான் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை நடக்கிறது. லண்டனும் ஏப்ரலில்தான். பயிற்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 16 வாரத்தைப் பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் வாரத்திலோ வந்து நிற்பீர்கள். மார்ச் தொடக்கத்தில் நடக்கும் டோக்கியோ என்றால் நவம்பர் நடுவிலேயே தொடங்க வேண்டும். நீண்ட ஓட்டங்கள் எல்லாம் இருட்டும் ஐஸும் மிகுந்த வாரங்களில்தான் விழும். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. பிப்ரவரியில் விழித்துக்கொண்டு, எட்டு வாரத்தில் 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகப் பார்த்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பதிவு அதைவிட முந்தியது. லண்டன் மாரத்தானில் இடம் பெறுவதற்கான குலுக்கல் அதற்கு முந்தைய ஆண்டின் பந்தயத்தையொட்டித் திறந்து சில நாட்களிலேயே மூடிவிடும். பாஸ்டனுக்குத் தகுதி நேரம் வேண்டும், அதாவது முன்பே ஒரு மாரத்தானைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும், பதிவும் முந்தைய செப்டம்பரிலேயே நடந்து முடிந்துவிடும். சிறிய பந்தயங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் பல இடங்களில் கட்டணம் படிப்படியாக ஏறும்: முதலில் வருபவருக்கு ஒரு தொகை, கடைசி வாரத்தில் வருபவருக்கு வேறொரு தொகை. "குளிரில் ஓட முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம்" என்று நான் காத்திருந்தேன். முடிகிறது என்று தெரிந்தபோது கடைசித் தேதி போய்விட்டிருந்தது.

பதிவுப் படிவத்தை நிரப்புமுன் கீழே உள்ளதையெல்லாம் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

உங்கள் பெயர் பாஸ்போர்ட்டிலோ அடையாள அட்டையிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு இது தொல்லை. தலைப்பெழுத்து ஓரிடத்தில், அப்பா பெயர் இன்னோரிடத்தில் என்று இருக்கும். பந்தயத்தில் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை வாங்கும் மேசையில் நின்று இதை விளக்கிக்கொண்டிருப்பது வேதனை. பாஸ்டனில் உங்கள் எண் அட்டையை வேறு யாரும் வாங்கித் தர முடியாது. நீங்களே நேரில் போய், படமுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்.

மருத்துவச் சான்று தேவையா என்று விதிகளில் பாருங்கள். இத்தாலி போன்ற நாடுகளில் அது இல்லாமல் போட்டி ஓட்டத்தில் இறங்க முடியாது. சான்று பந்தய நாளன்று செல்லுபடியாக வேண்டும், பதிவு செய்யும் நாளில் மட்டும் இருந்தால் போதாது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்.

கடைசியாக, ரத்து விதிகள். அடிபட்டால் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா, பணம் திரும்புமா, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று பார்த்துக் குறித்துவையுங்கள். பெரிய பந்தயங்கள் பலவற்றில் எண்ணை இன்னொருவருக்குக் கைமாற்ற அனுமதியே இல்லை. குளிர்காலப் பயிற்சியில் அடிபடும் வாய்ப்பு கூடுதல் என்பதால் இந்த ஒரு பத்தியையாவது முழுதாகப் படித்துவிடுங்கள். விமான டிக்கெட்டை இடம் உறுதியான பிறகு வாங்கினால் போதும்.

2. மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதயக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் கேட்காமல் இறங்கக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும். இல்லாதவர்களுக்கும் கடும் ஓட்டத்துக்குப் பிறகு வறட்டு இருமல் வரலாம். மெல்லிய துணியை மூக்குக்கும் வாய்க்கும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடும் ஈரமும் பெறும். வெயில் குறைந்த மாதங்களில் வைட்டமின் டி குறைவதும் உண்டு. அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். பந்தயத்துக்கான சான்றையும் இதே சந்திப்பில் கேட்டால் இன்னொரு நாள் விடுப்பு மிச்சம்.

3. பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்

நான் செய்த தவறு, முதலில் ஜாக்கெட் வாங்கியது. கடையில் போட்டுப் பார்த்தபோது சொகுசாக இருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் உள்ளே நீராவிக் குளியல். குளிர்கால ஓட்டத்தில் உங்களைக் கவிழ்ப்பது குளிரைவிட வியர்வைதான். உடம்பு நனைந்துவிட்டால், வேகம் குறையும் நிமிடத்திலேயே அந்த ஈரம் உடல்சூட்டை உறிஞ்சத் தொடங்கும்.

ஆகவே முதல் செலவு கையுறை, காதை மூடும் குல்லா, கழுத்துத் துணி. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு ஜோடி ஓட்ட ஷூவைவிட மலிவு. பலன் இவற்றில்தான் அதிகம். விரல் நுனியும் காதும்தான் முதலில் உறையும். கடுங்குளிர் உள்ள இடமானால் விரல் பிரியாத கையுறையையும் ஒன்று வாங்கி, மெல்லியதன் மேலே மாட்டுங்கள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சூடு தங்கும்.

அடுத்தது விளக்கும் ஒளிபிரதிபலிக்கும் பட்டையும். அதற்கடுத்து, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை. உள்ளங்கையில் மடித்துப் பிடிக்கக்கூடிய அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். முன்பக்கம் முழு ஜிப் இருக்க வேண்டும், சூடு ஏறும்போது திறந்துவிட. பிறகு ஐஸில் பிடிமானத்துக்கான ஏற்பாடு, கடைசியில்தான் உள்பக்கம் மெத்தென்ற தடித்த டைட்ஸ்.

உள்சட்டைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். கோடையில் போட்ட பாலியெஸ்டர் சட்டையே போதும். பருத்தி மட்டும் கூடாது. அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக் கிடக்கும். கையில் காசு இருந்தால் மெரினோ கம்பளியில் காலுறை வாங்குங்கள். நனைந்தாலும் சூடு தரும், நாற்றமும் குறைவு.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. முன்பக்கம் காற்றுத் தடுப்பு உள்ள உள்ளாடை என்று ஒன்று விற்கிறது. சிரிக்காதீர்கள். 1977இல் ஓர் அமெரிக்க மருத்துவர், மெல்லிய கால்சட்டையோடு அரை மணி நேரம் குளிரில் ஓடியதால் தனக்கு அந்த இடத்தில் நேர்ந்த உறைவைப் பற்றி மருத்துவ இதழுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். எதிர்காற்றில் ஒருமுறை ஓடிப் பார்த்தால் அவருடைய கவலை உங்களுக்கும் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். குளிர்கால உடைகள் மலிவாகக் கிடைப்பது பருவம் முடியும்போதுதான். முதல் ஆண்டை அத்தியாவசியத்தோடு ஓட்டிவிட்டு, மீதியை மார்ச் வாக்கில் அடுத்த ஆண்டுக்காக வாங்கி வையுங்கள். துவைக்கும்போது துணி மென்மையாக்கியை ஊற்றாதீர்கள். வியர்வையை வெளியே கடத்தும் இழைகளை அது அடைத்துவிடும்.

4. பத்து டிகிரிக் கணக்கு

வெளியே என்ன வெப்பநிலையோ, அதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்துங்கள். வெளியே பூஜ்யம் என்றால், பத்து டிகிரியில் சும்மா நடந்து போக என்ன போடுவீர்களோ அதுதான் ஓட்டத்துக்கு உடை. ஓடும்போது உடம்பே அடுப்பாகிவிடும். முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம். திரும்ப உள்ளே போய்க் கழற்றிவிட்டு வாருங்கள்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பூஜ்யம் டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 5 போல. மைனஸ் 10இல் 30 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 20 போல. எதிர்காற்றில் நீங்கள் ஓடும் வேகமும் இதோடு சேரும். காற்றோடு சேர்ந்த கணக்கு மைனஸ் 27ஐத் தாண்டினால், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள்ளேயே உறையலாம். அன்று வெளியே ஓட்டம் வேண்டாம். நானாக இருந்தால் மைனஸ் 20லேயே வீட்டுக்குள் தங்கிவிடுவேன். வீரம் காட்டும் வயது போய்விட்டது.

மூக்கு நுனி, கன்னம், காது மடல், விரல் நுனி இந்த இடங்கள் வெளுத்து மரத்துப்போனால் ஓட்டத்தை நிறுத்திச் சூடான இடத்துக்குள் போங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். வெதுவெதுப்பான நீரில் மெதுவாக உணர்வை வரவழையுங்கள். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

என் ஷூ அலமாரியின் உள்பக்கம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் பென்சிலால் ஒரு வரி எழுதுவேன்: வெப்பநிலை, காற்று, என்ன போட்டேன், எப்படி இருந்தது. "மைனஸ் 3, காற்றில்லை, இரண்டு சட்டை, மெல்லிய கையுறை, 4ஆம் கி.மீ.யில் கையுறை பாக்கெட்டுக்குள்." இப்படி முப்பது வரி சேர்ந்த பிறகு வாசலில் யோசிப்பது நின்றுவிட்டது. சீட்டைப் பார்க்கிறேன், போடுகிறேன், கிளம்புகிறேன். உங்கள் உடம்புக்கான அட்டவணை வேறு யாரிடமும் கிடைக்காது.

5. இருட்டு

டிசம்பர் 21ஆம் தேதிதான் மிகக் குறுகிய பகல், அதன்பின் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். பாதிதான் உண்மை. நடு அட்சங்களில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் இரண்டாவது வாரத்தையொட்டி. மிகத் தாமதமாக உதிப்பதோ புத்தாண்டையொட்டி. அதாவது டிசம்பர் நடுவிலிருந்தே மாலை மெல்ல நீளும், காலை மட்டும் ஜனவரி வரை இருட்டிக்கொண்டே போகும். காலையில் ஓடுகிறவர்கள் ஜனவரியில் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மூன்று நான்கு வாரம் மாலைக்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் கிடைத்தால் அதைவிட நல்லது. நாளின் மிகக் குளிர்ந்த நேரம் சூரியன் உதித்த சற்று நேரத்தில் வரும், மதியம் தாண்டினால்தான் சூடு ஏறும்.

விளக்கில் ஒரு விஷயம். தலையில் கட்டும் விளக்கு போட்டால், நீங்கள் விடும் மூச்சே புகையாகி வெளிச்சத்தில் மிதந்து கண்ணை மறைக்கும். மார்பிலோ இடுப்பிலோ கட்டும் விளக்கு இதற்குத் தேவலை. தரையின் மேடுபள்ளத்துக்கு நிழல் விழுவதால் குழியும் தெளிவாகத் தெரியும். தெருவிளக்கே இல்லாத பாதை என்றால் விளக்கின் வெளிச்ச அளவு 200 லூமெனுக்குக் குறையாமல் பாருங்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு.

ஒளிபிரதிபலிக்கும் பட்டையை மார்பில் மட்டும் போடாமல் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் ஒளி என்றால் அங்கே ஒரு மனிதர் வருகிறார் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும். நடைபாதை இல்லாவிட்டால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். பனியை ஒதுக்கிக் குவித்த பிறகு சாலை குறுகியிருக்கும், ஒதுங்க இடமிருக்காது. அந்த நாட்களில் வண்டிச் சாலையையே தவிர்த்துவிடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம், ஒரு காதாவது வெளியே கேட்கட்டும்.

6. தரையைப் படியுங்கள்

இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். தமிழில் எல்லாவற்றையும் பனி என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். ஓடுகிறவருக்கு அதற்குள் குறைந்தது நான்கு வகை உண்டு.

புதிதாக விழுந்த, காலடியில் நறநறவென்று சத்தம் போடும் உலர்ந்த பனி நல்ல தரை. பிடிமானம் உண்டு, மெதுவாகப் போனால் சுகமாகவும் இருக்கும். பலர் மிதித்து இறுகிப்போன பனி அவ்வளவு நல்லதல்ல. பாதி உருகிய சேறு போன்ற பனி வழுக்குவது குறைவு, ஆனால் ஐந்து நிமிடத்தில் காலுறை நனைந்துவிடும். நான்காவதுதான் ஆபத்து: கண்ணாடி போல மெல்லிய ஐஸ். தார்ச்சாலையின் கறுப்பு அப்படியே தெரிவதால் அங்கே ஐஸ் இருப்பதே தெரியாது.

நான் விழுந்தது அதில்தான். காலை ஆறரை மணி. முந்தைய நாள் பகலில் நல்ல வெயில், பனி உருகி ஓடியிருந்தது. இரவில் மறுபடி உறைந்திருக்கிறது. சாலை முழுக்க உலர்ந்திருந்ததால் தைரியமாக வேகம் எடுத்தேன். பாலத்தில் ஏறிய மூன்றாவது அடியில் கால் முன்னால் போய்விட்டது. பாலங்களுக்கு மேலேயும் குளிர்காற்று, கீழேயும் குளிர்காற்று. தரையின் சூடு கிடைக்காததால் மற்ற சாலைக்கு முன்பே அவை உறைந்துவிடும். விழும்போது கையை ஊன்றினேன். அதுதான் மணிக்கட்டைக் கெடுத்தது. முடிந்தால் உடம்பைத் தளர்த்தி, தொடையும் பிட்டமும் முதலில் படும்படி பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள் என்பார்கள். விழும் அரை நொடியில் இதெல்லாம் ஞாபகம் வருமா என்றால், எனக்கு வரவில்லை.

பகலில் பூஜ்யத்துக்கு மேலே, இரவில் கீழே என்று இருந்தால் மறுநாள் காலை ஓட்டத்தை மாலைக்குத் தள்ளுங்கள். சாலையில் உப்புத் தூவியிருக்கிறார்கள் என்று நம்பாதீர்கள். சாதாரண உப்பு ஏறக்குறைய மைனஸ் 9க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பாலம், நிழலான வளைவு, கூரைத் தண்ணீர் சொட்டும் இடம், சாக்கடை மூடி ஆகிய நான்கிலும் நடந்து கடங்கள். அடியைக் குறுக்கி, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். திருப்பத்தில் வேகத்தைக் கொல்லுங்கள்.

பிடிமானத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஷூவுக்கு மேலே ரப்பரால் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை. தேவைப்படும்போது மாட்டலாம், கழற்றலாம். இன்னொன்று செலவு குறைந்தது: பழைய ஷூவின் அடியில் ஸ்க்ரூ அடிப்பது. அறுகோணத் தலை உள்ள, சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள தகடு ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்தில் தடித்த ரப்பர் உள்ள ஓரங்களில் ஷூவுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். முன்பாதத்தின் நடுவில் அடிக்காதீர்கள், அங்கே அடிப்பாகம் மெல்லியது, காலைக் குத்தும். அடித்து முடித்ததும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். காற்றுப் பை உள்ள ஷூவும் கார்பன் தகடு உள்ள ஷூவும் இதற்கு ஆகாது. இதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளே நடந்தால் தரையும் போய்விடும், வழவழப்பான கல்தரையில் நீங்களும் போய்விடுவீர்கள்.

குளிரில் ஷூவின் நுரைப்பாகம் இறுகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோடையில் மெத்தென்று இருந்த அதே ஷூ மைனஸில் கட்டை போல இருக்கும். ஷூ கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். இரவு முழுக்கக் குளிரில் கிடக்காமல் வீட்டுக்குள் வைத்திருந்தாலே முதல் சில கிலோமீட்டர் சரியாகிவிடும்.

7. முந்தின இரவே பாதி ஓட்டம்

உடை, காலுறை, விளக்கு எல்லாம் போடும் வரிசையில் நாற்காலி மேலே. விளக்கும் கைக்கடிகாரமும் சார்ஜில். கைபேசியின் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது அப்படியே அணைந்துபோகும். முழுக்க ஏற்றி, உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வையுங்கள்.

அதே பாக்கெட்டில் ஒரு காகிதம்: பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, அழைக்க வேண்டிய எண். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் வியர்வையில் கரைந்துவிடும். கைபேசி அணைந்துவிட்டால் இந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும். பேருந்துக்கு ஆகும் பணமும் கொஞ்சம். எட்டாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டால் மைனஸ் 8இல் நனைந்த சட்டையோடு நடந்து திரும்புவது நடக்காத காரியம். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

8. ஓடும்போது

உடம்பை வீட்டுக்குள்ளேயே சூடாக்குங்கள். ஐந்து நிமிடம், வியர்ப்பதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பிறகு எதிர்காற்றில் கிளம்பி, காற்று முதுகில் படும்படி திரும்புங்கள். இந்த ஒரு விதியை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போகும்போது காற்று தள்ளிவிட சுகமாக வியர்த்துக் கொட்டும். திரும்பும்போது அந்த ஈரத்தின் மேல் எதிர்காற்று. கடைசி நான்கு கிலோமீட்டரும் பல் கிட்டிப் போகும்.

நீண்ட ஓட்டங்களை ஒரே நீளப் பாதையில் போகாமல், வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். அலுப்புத்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கையுறை மாற்றலாம், தண்ணீர் குடிக்கலாம், முடியாவிட்டால் உள்ளே போய்விடலாம்.

தாகம் தெரியாது என்பதற்காகத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரை நிரப்பிப் பாட்டிலைத் தலைகீழாக எடுத்துப் போங்கள், நீர் முதலில் மேல்பக்கம் உறையும், மூடி அடைக்காது. முதுகுப்பையில் குழாய் இருந்தால், குடித்ததும் குழாயில் மிஞ்சிய நீரை உள்ளே ஊதித் தள்ளிவிடுங்கள். ஓடும்போது சாப்பிடும் சத்துக் கூழ் (ஜெல்) பாக்கெட்டுகள் குளிரில் இறுகிப் பசையாகிவிடும், கையுறைக்குள் வைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

வேகத்தை மறந்துவிடுங்கள். பனியில் ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடுவதெல்லாம் சகஜம். கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைத் துரத்துகிறவர்கள்தான் விழுகிறார்கள். மூச்சை வைத்து அளவிடுங்கள், தூரத்துக்குப் பதில் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

வேகப் பயிற்சிக்கு டிரெட்மில். சாய்வை 1 சதவீதம் வைத்தால் வெளியே ஓடும் உழைப்புக்குச் சமமாகும் என்று 1996இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். மெதுவாக ஓடினால் சாய்வே வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தாவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று மாதம். ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டுமா என்று பாருங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கூடுதலாகப் பணம் போனது.

9. திரும்பி வந்த பத்து நிமிடம்

கதவைத் திறந்ததும் கைபேசியை எடுக்காதீர்கள், ஈரச் சட்டையைக் கழற்றுங்கள். நின்ற பிறகும் உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும், நடுக்கம் தொடங்குவது பெரும்பாலும் இப்போதுதான். உலர்ந்த உடை, உலர்ந்த குல்லா, சூடாக ஏதாவது குடிக்க. உடம்பை நீட்டி மடக்குவது அப்புறம். காரில் போய் ஓடுகிறவர்கள் மாற்று உடையைக் காரிலேயே வையுங்கள்.

ஷூவை ஹீட்டர் மேலே வைத்துக் காயவைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை மாற்றுங்கள். காலையில் காய்ந்திருக்கும். உப்புக் கறையை ஈரத்துணியால் துடையுங்கள்.

10. ஓடக் கூடாத நாட்கள்

மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு என்று கழுத்துக்கு மேலே மட்டும் இருந்தால் மெதுவாக அரை மணி ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல்வலி இருந்தால் கூடாது. தவறவிட்ட ஓட்டத்தை வாரக் கடைசியில் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், விட்டது விட்டதுதான். 16 வாரத் திட்டத்தில் எட்டு பத்து நாள் இப்படிப் போகும் என்று முதலிலேயே கணக்கில் வைத்தால் மனம் உளையாது.

11. பருவம் முடியும்போது

நான்கைந்து நாள் வெயில் அடித்ததும் ஸ்க்ரூ ஷூவைப் பரண் மேல் போட்டுவிடத் தோன்றும். கடைசியாக ஒருமுறை உறைந்து பழிவாங்கும் பழக்கம் மார்ச்சுக்கு உண்டு, இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் பந்தய ஷூவை எடுத்து உலர்ந்த சாலையில் இரண்டு ஓட்டமாவது ஓடிவிடுங்கள். குளிர்காலம் முழுக்கக் குறுக்கிப் பழகிய அடி மறுபடி நீள அவகாசம் வேண்டும். மேல்சட்டையைத் துவைத்து, விளக்குகளைப் பாதி சார்ஜில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டுங்கள். கட்டுமுன் அலமாரியிலிருந்து அந்தத் துண்டுச்சீட்டைப் பிரித்து அதே பையில் போட்டுவிடுங்கள். நான் முதல் ஆண்டுச் சீட்டைத் தொலைத்துவிட்டு, அடுத்த நவம்பரில் மறுபடி வாசலில் நின்றேன்.